மிச்சம் பிடித்ததும் சம்பாத்தியமே!



“நான் சம்பாதிக்கிறேன்; நீ செலவு செய்கிறாய்.” வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் கணவர் பலர் மனைவியிடம் கூசாமல் சொல்லும் சொல் இது. அந்தப் பணத்தில் வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து அனைத்தையும் முடித்து, மாதம் 3,000 ரூபாய் மிச்சம் பிடிக்கிறாள் ஒரு பெண். அவளைச் சம்பாதித்தவள் என்று எவரும் சொல்வதில்லை. கஞ்சப்பிசினாறி என்ற பெயர்தான் கிடைக்கிறது. இது அநீதி மட்டுமன்று. மார்க்கத்தை அறியாத பேச்சுமாகும்.

ஜகாத்தின் சட்டத்தைச் சிந்தியுங்கள். நமது மத்ஹபுகளின்படி, பணத்திற்கான ஜகாத் 2.5 சதவீதம். அது கடமையாவது ஈட்டிய மொத்தத் தொகையின் மீதன்று. நிஸாப் அளவை எட்டி, ஓர் ஆண்டு முழுவதும் நம்மிடம் தங்கிய பணத்தின் மீதே. மாதம் ஒரு லட்சம் ஈட்டி, அவ்வளவையும் செலவழித்துவிட்டவரிடம் ஜகாத் கொடுக்க எதுவுமில்லை. குறைவாக ஈட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்தவரோ அந்தக் கடமையை நிறைவேற்றும் பேற்றினைப் பெறுகிறார். ஐம்பெரும் கடமைகளுள் ஒன்று மிச்சத்தின் மீது நிற்கும்போது, அந்த மிச்சத்தை இழிவாகப் பேச நாம் யார்?

வீட்டு உணவிலிருந்து வீணாக்காமல் தர்மம் செய்யும் பெண்ணுக்கு, செலவிட்டதற்கான கூலி உண்டு. சம்பாதித்ததற்கான கூலி கணவனுக்கும் உண்டு. ஒருவருடைய கூலியால் மற்றவருடையது குறையாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். அல்லாஹ் இருவருக்கும் கூலி எழுதுகிறான். நாமோ ஒருவரின் பெயரை அழித்துவிடுகிறோம்.

“அல்லாஹ் கொடுப்பான், கணக்குப் பார்க்கலாமா?” என்று சிலர் கேட்கின்றனர். யூஸுஃப் (அலை) அவர்களைவிட நமக்குத் தவக்குல் அதிகமோ? செழிப்பான ஏழாண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொல்லி, பஞ்சம் வந்தபோது ஒரு நாட்டையே பசியிலிருந்து காத்தவர்கள் அவர்கள்.

“சிக்கனம் என்பது கஞ்சத்தனமே” என்போரும் உளர். கொடுக்க வேண்டிய இடத்தில் கையை மூடுவது கஞ்சத்தனம். வீணாகும் இடத்தில் மூடுவது சிக்கனம். வீண்விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் செலவிடுவோரையே அருளாளனின் அடியார்கள் என்று ஃபுர்கான் அத்தியாயம் (25:67) போற்றுகிறது. இரு கைகளும் கொள்ளும் ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்த நபி (ஸல்) அவர்கள்தாம், மனிதர்களிலேயே பெரும் கொடையாளியாகவும் விளங்கினார்கள்.

ஆனால் நமது நிக்காஹ் விருந்துகளில் நடப்பதென்ன? பாலைவன வெயிலில் பல்லாண்டு ஈட்டிய பணம் ஓரிரவு மேடை அலங்காரத்தில் கரைகிறது. சஹனில் எஞ்சிய பிரியாணி குப்பைக்குப் போகிறது. செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய் என்று மட்டுமன்றி, எவ்வழியில் செலவிட்டாய் என்றும் மறுமையில் கேட்கப்படும். முதல் கேள்விக்கு அஞ்சி வட்டியை விட்டு விலகுகிறோம். இரண்டாம் கேள்விக்கு என்ன விடை வைத்திருக்கிறோம்?

கணவர்களே! அடுத்த மாதம் பணம் அனுப்பும்போது, “எவ்வளவு செலவாயிற்று?” என்று அதட்டாதீர்கள். “எவ்வளவு மிச்சம் பிடித்தாய்?” என்று அன்போடு கேளுங்கள். அந்தத் தொகையை அவளுடைய உழைப்பின் பயன் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

வீண்விரயத்தை விட்டும் கஞ்சத்தனத்தை விட்டும் அல்லாஹ் நம் குடும்பங்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.