தொழ இடமுண்டு, அடங்க இடமில்லை

ஜப்பானின் கியூஷு தீவில், ஓயிதா மாகாணத்தில் உள்ளது பெப்பு. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற நகரம். 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு பன்னாட்டுப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபின் பல நாடுகளிலிருந்தும் முஸ்லிம் மாணவர்கள் வந்தனர். சிலர் அங்கேயே வேரூன்றினர். ஜப்பானியக் குடியுரிமை பெற்றோரும் உண்டு. நகரில் ஒரு பள்ளிவாசலும் உருவாயிற்று.

தொழுகைக்கு இடம் கிடைத்தது. இறந்தால் அடக்கம் செய்ய இடமில்லை. இறந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேலாக எரியூட்டப்படும் நாடு அது. பெப்பு முஸ்லிம்கள் அண்டை ஊரான ஹிஜியில் அடக்கத்தலம் அமைக்க முயன்றனர். நீர் மாசுபடும் என்று ஊரார் அஞ்சினர். பின்னர் அவ்வூர் நிர்வாகத்துக்குச் சொந்தமான நிலம் ஒன்றைக் குறித்துப் பேச்சு நடந்தது. 2024 ஆகஸ்டில் நடந்த ஊர்த்தலைவர் தேர்தலில், அந்நிலத்தைத் தர மறுத்தவரே வென்றார்.

ஊராரின் அச்சத்தை மதவெறுப்பு என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. குடிநீர்க் கவலை எவருக்கும் உரியது. ஆனால் அது நிலத்தையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்து தீர்க்க வேண்டிய கேள்வி, வாக்குச்சீட்டால் தீர்வதன்று. அதே ஹிஜியில் கத்தோலிக்கத் துறவியர் மடமொன்று தன் இறந்தோரைப் புதைத்தே வருகிறது. 1948ஆம் ஆண்டின் சட்டமும் புதைப்பதைத் தடுக்கவில்லை. அனுமதி பெறவேண்டும் என்றே சொல்கிறது.

எரிப்பதே ஜப்பானிய மரபு என்போர் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்க்கலாம். 1873இல் மெய்ஜி அரசு எரியூட்டலையே தடைசெய்தது. அது பௌத்தர் வழக்கம் என்பது ஷிண்டோ தரப்பினரின் வாதம். நகரங்களில் புதைக்க இடம் போதாமையால் 1875இல் தடை விலகியது. கிராமங்களில் புதைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. மரபு என்று நாம் கைகாட்டுவது பலவேளை நம் பாட்டனார் காலத்து ஏற்பாடுதான்.

இச்சுமையை ஒரு சிற்றூரின் தலையில் வைத்தது நடுவண் அரசின் பிழை என்றே நாம் கருதுகிறோம். முதுமையுறும் அந்நாடு 2019இல் புதிய விசா வகை வகுத்து அயல்நாட்டுத் தொழிலாளரை அழைத்தது. அழைக்கப்பட்டோரும் ஒருநாள் முதுமையடைவர், இறப்பர். மாகாணத்துக்கு ஓர் அடக்கத்தலமேனும் அமைப்பது அரசின் கடமை. உழைப்பைப் பெற்றுக்கொண்ட மண், உடலை மட்டும் மறுப்பது முறையாகுமா?