காயின் தீர்ந்தால் வீட்டுக்குப் போகலாம்

சயான் ஸ்டேஷனில் மேற்கே இறங்கி தாராவிப் பக்கமாக நடந்தால், செருப்புக் கடைக்கும் வடாபாவ் வண்டிக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். உள்ளே டியூப்லைட் கிடையாது. ஏழெட்டு மெஷின்களின் வெளிச்சம், வியர்வை நெடி, சுவரில் பிரேம் போட்டு மாட்டிய போலீஸ் லைசென்ஸ், அவ்வளவுதான். 1995, 96 வாக்கில் எனக்கும் என் வயதுப் பையன்களுக்கும் பம்பாயின் மையம் அதுதான். ஒரு ரூபாய் கொடுத்தால் கல்லாவில் இருக்கும் சேட் ஒரு பித்தளை வில்லை தருவார். அதற்குக் காயின் என்று பெயர்.

அந்த பார்லரின் ராஜா 'முஸ்தபா'. ஆட்டத்தின் நிஜப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானின் காப்காம் கம்பெனி 1993-ல் வெளியிட்டது. ஆடுவதற்கு நான்கு பேர் உண்டு. அவர்களில் ஓடி வந்து உதைப்பதில் கெட்டிக்காரன் முஸ்தபா என்பதால் ஆட்டத்துக்கே அவன் பெயர் நிலைத்துவிட்டது. இந்தியா முழுக்கவே அதை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தபோது லேசாக ஏமாற்றம். நாங்கள் வைத்த பெயர் என்று நினைத்திருந்தோம்.

புதிதாக வருகிறவனை மெஷின் மூன்று நிமிடத்தில் தீர்த்துக்கட்டி, அடுத்த ரூபாயைக் கேட்கும். ஆனால் கைப்பழக்கம் உள்ளவன் அதே ஒரு ரூபாயில் எட்டு ஸ்டேஜையும் தாண்டிவிடுவான். எங்கள் சால் குடியிருப்பில் அப்படி ஓர் அண்ணன் இருந்தார். பகலெல்லாம் தோல் பட்டறையில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் மெஷின் முன்னால் நின்றால் பின்னால் பத்துப் பேர் நிற்போம். "ஏலே, பெரியவன் வாரான், கைய இடிக்காதலே" என்று ஒருவன் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவான். சேட்டுக்கு மட்டும் முகம் சுருங்கும். ஒரு ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் மெஷினை விட்டால் கட்டுப்படியாகுமா? அடுத்த வாரம் போர்டில் செட்டிங்கை மாற்றி ஆட்டத்தைக் கடினமாக்கியிருப்பார். அண்ணன் இரண்டு வாரத்தில் அதையும் பழகிவிடுவார். மெஷினுக்குள் நடந்ததைவிட இவர்கள் இருவரும் ஆடிய ஆட்டம் சுவாரசியமானது.

காசில்லாதவனுக்கும் ஒரு வழி இருந்தது. அடுப்பு பற்றவைக்கும் கேஸ் லைட்டரைக் காயின் துவாரத்துக்குப் பக்கத்தில் வைத்து 'டக்' என்று அழுத்தினால், சில மெஷின்கள் அந்தப் பொறியைக் காயின் என்று நம்பிவிடும். அம்மாவின் லைட்டர் பள்ளிக்கூடப் பைக்குள் போய்வந்த நாட்கள் உண்டு. பிடிபட்டால் சேட் காதைத் திருகுவார். மறுநாள் உள்ளே விடுவார்.

வீடியோ கேமின் கதையைப் படம் மெருகேறிய கதையாகச் சொல்வது வழக்கம். 1972-ல் அட்டாரியின் 'பாங்', இரண்டு கோடும் ஒரு புள்ளியும். 1978-ல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. இன்றைக்கு மூக்கில் வியர்வைத் துளி வரை தெரிகிற மனிதர்கள். பொய்யில்லை. ஆனால் சயானிலிருந்து பார்த்தால் பெரிதாக மாறியது படம் அல்ல, கல்லா. எப்போது காசு வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள், எப்போது நம்மை விடுகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

பார்லருக்குப் பிறகு 'டிவி கேம்' வந்தது. ஜப்பானின் நின்டெண்டோ மெஷினைப் பார்த்துச் செய்த நகல்கள்தான் எங்கள் வீடுகளுக்கு வந்தவை. '9999 இன் 1' என்று கேசட்டின் மேல் எழுதியிருக்கும். உள்ளே இருப்பதென்னவோ 'மாரியோ', 'கான்ட்ரா' என்று இருபது முப்பது ஆட்டங்கள், மிச்சமெல்லாம் அவற்றின் மறுபதிப்பு. ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான், பிறகு யாரும் காசு கேட்க மாட்டார்கள். அதற்கடுத்தது சைபர் கஃபே. மணிக்கு இருபது ரூபாய். 'கவுன்டர் ஸ்டிரைக்', 'வைஸ் சிட்டி'. அங்கே நன்றாக ஆடினாலும் மோசமாக ஆடினாலும் ஒரே வாடகை. திறமைக்கும் ரூபாய்க்கும் இருந்த முடிச்சு முதலில் அவிழ்ந்தது அங்கேதான். இதை அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் தொழிலின் பெரிய ஆட்கள் பலர் இதே ஊர்க்காரர்கள். விஷால் கோண்டல் 1999-ல் இங்கேதான் 'இந்தியாகேம்ஸ்' தொடங்கினார். நோக்கியாவில் பாம்பு நெளிந்துகொண்டிருந்த காலம் அது. செல்போனில் கேம் இறக்கினால் காசு பேலன்ஸில் கழியும், அதில் பெரும்பங்கை டெலிகாம் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அந்தச் சில்லறையில் வளர்ந்த கம்பெனி 2012-ல் யூடிவியோடு சேர்ந்து டிஸ்னி கைக்குப் போனது. மும்பையின் இன்னொரு கம்பெனியான 'நசாரா' 2021 மார்ச்சில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2008-ல் தொடங்கிய ஃபேன்டசி கிரிக்கெட் கம்பெனி 'ட்ரீம்11'-ம் மும்பைதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது 2016 செப்டம்பரில் வந்த ஜியோ. ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு, இருநூற்றைம்பது கொடுத்துக்கொண்டிருந்த வீட்டில் அது தண்ணீர் மாதிரி ஓடியது. தாராவிக்கோ தண்ணீரைவிடத் தாராளமாகவே வந்தது. 2018-ல் 'பப்ஜி மொபைல்' வந்தபோது நிலம் தயாராக இருந்தது. 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் 'பிஜிஎம்ஐ' என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. எங்கள் பக்கத்துப் பையன்கள் இந்த நாட்களைப் பரீட்சை தேதிகளைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சயான் கோட்டைக்குப் போயிருந்தேன். படிக்கட்டு நிழலில் நான்கு பையன்கள் வரிசையாக, ஆளுக்கொரு போன், தலை நிமிரவில்லை. ஒருவன் போனில் கண்ணாடி மூலையிலிருந்து மூலைவரை கீறியிருந்தது. "பின்னாடி வாரான், பின்னாடி வாரான்" என்று அலறினான். பக்கத்தில் இருந்தவன் "ரிவைவ் குடுலே, சீக்கிரம்" என்றான். தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒருவன் ஆடுவதை இன்னொருவன் பார்க்க முடியாது. எங்கள் அண்ணனுக்குப் பின்னால் நின்ற பத்துப் பேர் இப்போது யூடியூபில் இருக்கிறார்கள்.

அவர்கள் ஆடிய பிஜிஎம்ஐ இலவசம். கல்லா எங்கே என்று தேடினால்தான் தெரியும். ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவதில்லை. இந்த சீசன் போனால் அடுத்த சீசன். தினமும் தலைகாட்டினால் ஒரு பரிசு. காசு கொடுத்து 'யூசி' என்ற ஆட்டக் காசை வாங்கி ஒரு பெட்டியைத் திறந்தால் உள்ளே நல்ல உடுப்பு இருக்கலாம், பெரும்பாலும் இருக்காது. அந்த உடுப்பால் ஒரு குண்டு கூடுதலாகச் சுட முடியாது. பின்னே எதற்கடா என்று கீறல் போன்காரனைக் கேட்டேன். "எல்லாரும் பாப்பாங்கல்ல அண்ணே" என்றான். இருநூறு ரூபாய் செலவழித்திருக்கிறான், அப்பாவின் ஜிபேயில். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் நாளுக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம் என்று அந்த ஆட்டத்தில் விதி இருக்கிறது. ஆனால் போன் அப்பாவுடையது, கணக்கும் அப்பாவுடையது. மெஷினுக்கு அவன் நாற்பத்திரண்டு வயது ஆள்.

சேட்டுக்கு எங்கள் முகம் தெரியும். யூனிபார்மோடு போனால் வெளியே துரத்துவார்.

இதையெல்லாம் அரசாங்கம் எப்படிப் பார்க்கிறது? இன்றைக்கும் போலீஸ் லைசென்ஸ் கண்ணால்தான். 1867-ன் பொதுச் சூதாட்டச் சட்டமும் 1887-ன் பம்பாய்ச் சட்டமும் பழக்கிவிட்ட கேள்வி ஒன்றுதான்: ஆட்டத்தில் இருப்பது திறமையா, அதிர்ஷ்டமா? வீடியோ கேம் மெஷின்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்ற கர்நாடகத்தின் நிலையை உச்ச நீதிமன்றம் 1995-ல் ஏற்றபோதும் வாதம் இதைச் சுற்றியே நடந்தது. 1996-ல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் குதிரைப் பந்தயம் திறமை என்று தீர்ப்பு வந்தது. 'திறமை' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் மேல்தான் ட்ரீம்11-ம் ஆன்லைன் ரம்மியும் மாளிகை கட்டின. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022-ல் சட்டம் போட்டது. ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்ற, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடையில் வராது என்றது. மறுபடி அதே சொல்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இரண்டே நாளில் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் அந்தச் சொல்லை ஒரே வெட்டாக வெட்டியது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்துக் காசு ஜெயிக்கலாம் என்றால் தடை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். மூன்றாண்டுக்கு 358 கோடி ரூபாய் என்று பேசி இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் போட்டிருந்த ட்ரீம்11 விலகியது. அடுத்த மாதம் ஆசியக் கோப்பையில் வெறும் சட்டையோடு ஆடினார்கள்.

இந்தத் தடைக்காக நான் கண்ணீர் விடவில்லை. எங்கள் தெருவில் மூன்று மாதச் சம்பளத்தை ரம்மியில் விட்டுவிட்டு வீட்டில் சொல்லத் தெரியாமல் நின்ற ஆளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சட்டத்தின் கணக்கில் ஒரு விசித்திரம் இருக்கிறது. போட்ட காசு திரும்ப வரலாம் என்ற ஆசை இருந்தால்தான் குற்றம். உடுப்புக்குப் போட்ட காசு திரும்பி வரவே வராது என்று உறுதியாகத் தெரிந்தால், அது பொழுதுபோக்கு. கீறல் போன்காரனின் இருநூறு ரூபாய் அந்தப் பக்கம் விழுகிறது. பெட்டிக்குள் என்ன வரும் என்று தெரியாமல் காசு வாங்குவதும் சூதாட்டமே என்று பெல்ஜியம் 2018-ல் சொல்லிவிட்டது. ஜப்பான், இந்த வித்தையின் தாய்வீடு, அதன் மோசமான ஒரு வகையை 2012-லேயே நிறுத்தியது. பெட்டியில் எது வர எவ்வளவு வாய்ப்பு என்று கொட்டை எழுத்தில் போடு, பையன் செலவழித்த கணக்கை மாதம் ஒருமுறை அப்பாவுக்கு அனுப்பு என்று சொல்வதற்கு நமக்குப் பெரிய சட்டம்கூட வேண்டாம். 'திறமையா அதிர்ஷ்டமா' என்று நூற்றைம்பது ஆண்டு விசாரித்துவிட்டோம். 'எப்போது விடுவாய்' என்று இன்னும் கேட்கவில்லை.

நம்மை ஆட்டக்காரர்களாகப் பார்ப்பதற்கு முன்பே உலகம் நம்மைப் படமாகப் பார்த்துவிட்டது. 1991-ன் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் இந்தியா என்றால் மண்டையோட்டு மாலை போட்ட யோகி தால்சிம், பின்னால் யானைகள். பார்லரில் அவனை யாரும் எடுக்க மாட்டார்கள், ஆமை வேகம். 2018-ல் டென்மார்க் கம்பெனியின் 'ஹிட்மேன் 2' மும்பைக்கே வந்தது: தகரக் கூரை, சலவைக்கூடம், சந்துக்குள் சந்து. அந்த ஆட்டத்தையும் அது ஓடும் மெஷினையும் சேர்த்து வாங்க, தோல் பட்டறை அண்ணன் எத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

ஆனால் ஒன்று வாங்கினேன். 'வெண்பா'. டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்த் தம்பதி, அவர்கள் மகன், அம்மாவின் கிழிந்த சமையல் நோட்டு. மறு ஆண்டு பாஃப்டாவில் அறிமுக ஆட்டத்துக்கான விருது வாங்கியது. லீவுக்கு வந்த என் அக்கா மகனை உட்காரவைத்து மாட்டுங்கா வீட்டு டிவியில் போட்டேன். முதல் புதிரே இட்லி. ஆவி மேலேறும்படி தட்டுகளை எப்படி அடுக்குவது? இரண்டு முறை சொதப்பினான். கதவோரம் நின்றிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்யா, குழிக்கு மேல குழி வரப்படாதுய்யா. மாத்தி அடுக்கச் சொல்லு, அப்பத்தான் ஆவி ஏறும்." மாற்றி அடுக்கினான். இட்லி வெந்தது. அம்மா இந்த வீட்டில் ஒரு கேமுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பையன் கன்ட்ரோலரின் பட்டனை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

"மாமா, அவ்வளவுதானா? அடுத்த லெவல் எங்க?"

"முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சுன்னா?" என்றான்.