டவர் வேண்டாமாம், காந்தச் சுருள் போதுமாம்!



நம் குடும்பக் குழுவில் மாப்பிள்ளை ஒருவர் வீடியோ ஒன்றைப் போட்டிருந்தார். கம்பியில்லாமல் மின்சாரம் போகிறதாம். நடுநடுவே காந்த ஒத்ததிர்வுச் சுருள் வைத்தால் எத்தனை தூரமும் போகுமாம். "இன்னும் பத்து வருசத்துல டவரே இருக்காது, எதுக்குப் போராட்டம்?" என்று கீழே எழுதியிருந்தார். அதற்குக் கைதட்டியவர்களில் எட்டுப் பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள்! அதனால்தான் எழுதுகிறேன்.

அடிப்படை பொய்யல்ல. 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாரின் சொல்யாச்சிச் குழுவினர் 2 மீட்டர் தள்ளியிருந்த 60 வாட் பல்பைக் கம்பியில்லாமல் எரியவிட்டார்கள். ஆடி நோம்பிக்குத் தூரி ஆட்டுவோமே, அதே சங்கதி. தூரி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பையன் தள்ளினாலும் உயரப் போகும். இரண்டு சுருளும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் சக்தி அப்படித்தான் கை மாறும். நடுவில் மூன்றாவது சுருள் வைத்தால் இன்னும் கொஞ்ச தூரம் போகும். அதுவும் உண்மை.

ஆனால் அந்த 2 மீட்டரிலேயே போய்ச் சேர்ந்தது சுமார் 40 சதவீதம்தான். சுருளை விட்டு விலக விலக, தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். சரி, வரிசையாகச் சுருள் வைக்கலாம். ஒவ்வொன்றிலும் பத்து சதவீதம் மட்டுமே வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது சுருளைத் தாண்டும்போது மிச்சம் 35. நாற்பதாவதில் ஒன்றரைகூட இல்லை. கூட்டு வட்டி போடத் தெரிந்த ஊர்தானே நம்முடையது! ராய்கர்–புகளூர் லைன் ஏறக்குறைய 1,765 கிலோமீட்டர். எத்தனை சுருள் நடுவீர்கள், மாப்பிள்ளை?

செல்போனுக்கும் காருக்கும் சார்ஜ் ஏற்ற இது நல்ல வித்தை. அதைக் காட்டி, தோட்டத்தில் டவர் நிற்கும் குடியானவன் வாயை அடைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2018இல் நம் கொங்கு மாவட்ட விவசாயிகள் போராடியபோது அற்புதம் எதையும் கேட்கவில்லை. சாலையோரமாக நிலத்தடி கேபிள் கேட்டார்கள். முடியாத காரியமா? புகளூர்–திருச்சூர் லைன் நம் காடுகளின் மேலே டவரில் போகிறது. கேரளத்தில் வடக்கஞ்சேரி தாண்டியதும் 27 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் போகிறது. ஒரே லைன்! செலவு கூடத்தான் ஆகும், மறுக்கவில்லை. தென்னை வைக்க முடியாமல் போன நிலத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா?

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும். செம்புக் கம்பி வாங்கி வைக்கிறேன். சுருள் சுற்றி, திண்ணையிலிருந்து கிணற்று மோட்டார் வரை போகிறதா என்று பார்த்துவிடலாம்.