கிரிமினல் கேஸ்: தேடக் கற்றுத்தருகிறதா, காத்திருக்கப் பழக்குகிறதா?



பெற்றோர் கூட்டங்களில் ஆசிரியர்களாகிய எங்களிடம் இப்போது அடிக்கடி கேட்கப்படுவது பாடத்தைப் பற்றிய கேள்வியல்ல, போனைப் பற்றிய கேள்விதான். "சேர், மகன் சுடுற கேம், சண்டை கேம் ஒண்டும் விளையாடுறல்ல. படத்துக்குள்ள சாமான் தேடுற கேம்தான். அதுல என்ன பிழை?"

நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு வட்ஸ்அப்பிலும் சூமிலும் பாடம் நடந்தது. அப்படித்தான் பல வீடுகளில் பிள்ளையின் கைக்குப் போன் வந்தது. பாடசாலைகள் திறந்த பிறகும் அது உம்மா, வாப்பாவின் கைக்கு முழுதாகத் திரும்பவில்லை. இனி "கேம் என்றாலே கூடாது" என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டால் பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு ஒளித்து விளையாடுவார்கள். எந்த கேம், அதில் எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துப் பேசுவதுதான் நம் வேலை.

பொருள் தேடும் கேம்களில் நம் மக்களிடையே முகநூல் வழியாகப் பலருக்கும் தெரிந்தது 'கிரிமினல் கேஸ்'. அதையே எடுத்துக்கொள்வோம்.

பாரிஸ் நகரிலுள்ள பிரிட்டி சிம்பிள் என்ற நிறுவனம் உருவாக்கிய இந்த கேம் 2012 நவம்பரில் முகநூலில் வந்தது. 2013ஆம் ஆண்டின் சிறந்த கேம் என்று முகநூலே இதைத் தெரிவு செய்தது. பிறகு போன்களுக்கும் வந்தது. விளையாடுபவர் கிரிம்ஸ்பரோ என்ற கற்பனை நகரத்தின் பொலிஸில் புதிதாகச் சேர்ந்தவர். ஒவ்வொரு வழக்கிலும் ஒரு கொலை. கொலை நடந்த இடம் முழுவதும் பொருட்கள் இறைந்து கிடக்கும். கீழே ஒரு சொற்பட்டியல் வரும். பட்டியலிலுள்ள பொருட்களைப் படத்தில் கண்டுபிடித்துத் தொட வேண்டும். புள்ளிகள் சேர்ந்தால் நட்சத்திரம் கிடைக்கும். நட்சத்திரத்தைச் செலவழித்துத் தடயத்தை ஆராயலாம், சந்தேக நபரை விசாரிக்கலாம். கடைசியில் சந்தேக நபர்களில் ஒருவரைக் கைது செய்ய வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். நல்லதை மறைத்துவிட்டுக் கெட்டதை மட்டும் பேசினால் பிள்ளைகள் நம்மை நம்பமாட்டார்கள்.

புதிய காட்சி ஒன்று முதன்முறை திறக்கும்போது பிள்ளை உண்மையாகவே பார்க்கிறது. மேலிருந்து கீழாக, மூலையிலிருந்து மூலைக்கு, ஒவ்வொரு பொருளாக. வகுப்பில் ஒரு தேசப்படத்தைக் கொடுத்து "மகாவலி கங்கை எங்கே கடலில் விழுகிறது, பாருங்கள்" என்றால் பல பிள்ளைகள் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் படத்தில் இருக்கிறது, எங்கள் முகத்தில் இல்லை. தேடினால் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு ஒரு படத்தின் முன் பொறுமையாக இருப்பது பெரிய பழக்கம். இந்த கேமின் முதல் சில நிமிடங்கள் அந்தப் பழக்கத்தைத் தொடுகின்றன.

இரண்டாவது, ஆங்கிலச் சொற்கள். பட்டியலில் ஒரு சொல் வருகிறது. பொருள் தெரியாது. மற்றவற்றைக் கண்டுபிடித்த பிறகு மிச்சமிருப்பதை வைத்து ஊகிக்க வேண்டும். தொட்டுப் பார்த்துச் சரியென்றால் அந்தச் சொல் படத்தோடு சேர்ந்து மனதில் பதிந்துவிடும். 'பேட்' என்றால் கிரிக்கெட் மட்டையா, வௌவாலா? 'போ' என்றால் அம்பு விடும் வில்லா, ரிப்பன் முடிச்சா? ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வைத்து விளையாட்டுக் காட்டுவது இந்த வகை கேம்களின் வழக்கம். சொல்லையும் கருத்தையும் கொப்பியில் நிரல் நிரலாக எழுதிப் பாடமாக்கும் பிள்ளைக்கு இது வேறு ஒரு வாசல்.

மூன்றாவது, கழித்துப் பார்க்கும் அறிவு. கொலையாளி இடக்கையர், கோப்பி குடிப்பவர் என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். அந்த அடையாளம் இல்லாதவர்களை நீக்கிக்கொண்டே போக வேண்டும். நாங்கள் கணிதத்தில் தொடைகள் படிப்பிக்கும்போது சொல்லும் அதே விஷயம்தான். எல்லா நிபந்தனைகளும் பொருந்துகிற ஒரு மூலகம் எது?

இனி மறுபக்கம்.

இந்த கேமின் பெரிய குறை கொலையோ இரத்தமோ அல்ல என்பது எங்கள் கருத்து. அதற்குப் பிறகு வருகிறோம். பெரிய குறை, அது தன்னுடைய நல்லதைத் தானே அழித்துவிடுவது.

ஒரு காட்சியில் ஒன்றல்ல, 5 நட்சத்திரங்கள் இருக்கின்றன. கதை நகர நட்சத்திரம் வேண்டும். ஆகவே அதே காட்சியைத் திரும்பத் திரும்ப விளையாட வேண்டும். புள்ளிகளோ வேகத்துக்குத்தான். அடுத்தடுத்து வேகமாகத் தொட்டால் கூடுதல் புள்ளி, சீக்கிரம் முடித்தால் இன்னும் கூடுதல். நாலாவது, ஐந்தாவது தடவையில் பிள்ளை தேடுவதில்லை. குடை இடப்பக்கம் மேலே, நங்கூரம் கதிரைக்குப் பின்னால் என்று இடங்கள் பாடமாகிவிட்டன. பட்டியலைப் பார்க்கும், விரல் போய்விடும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

இது எங்கோ பார்த்த காட்சி போல இருக்கிறதா? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு நாம் பிள்ளைகளைத் தயார்படுத்தும் விதம் இதுதானே. முதல் வினாத்தாளில் பிள்ளை யோசிக்கிறது. கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், கருத்தரங்கு வினாத்தாள் என்று அடுக்கிக்கொண்டே போனால் கேள்வியை வாசிக்காமலே விடை எழுதும் வேகம் வருகிறது. புள்ளி கூடுகிறது, எல்லோருக்கும் சந்தோசம். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள், பிள்ளை திகைத்து நிற்கும். வேகத்தையும் மனப்பாடத்தையும் அறிவு என்று நினைக்கும் பழக்கம் ஏற்கனவே நம் பிள்ளைகளிடம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஓய்வு நேரத்திலும் அதே பழக்கத்துக்குப் பயிற்சி வேண்டுமா?

அடுத்தது காத்திருக்க வைப்பது. இதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு காட்சியை விளையாட 20 சக்திப் புள்ளிகள் வேண்டும். முழுச் சக்தி 110. அதாவது ஒரே மூச்சில் 5 தடவைதான் விளையாடலாம், 10 புள்ளி மிஞ்சும். பிறகு 3 நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று ஊறும். அடுத்த ஒரு காட்சிக்குரிய 20 புள்ளி முழுதாக ஊற 60 நிமிடம். சக்தி முற்றாகத் தீர்ந்தால் மறுபடி நிறைய ஐந்தரை மணித்தியாலம். இவை தவிர, பிரேத பரிசோதனை முடிவுக்கு 18 மணித்தியாலம் வரை காத்திருக்கச் சொல்லும். காத்திருக்க மனமில்லையா? காசு கொடுத்தால் உடனே கிடைக்கும்.

கேம் இலவசம் என்று சொல்லிக்கொண்டே அதைச் செய்பவர்கள் சம்பாதிப்பது இந்த இடத்தில்தான். பிள்ளை விளையாடும் நேரம் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாக இருக்கலாம். ஆனால் கேமை நினைத்துக்கொண்டிருக்கும் நேரம்? "இப்ப நிறைஞ்சிருக்கும்" என்ற எண்ணம் மஃரிப் தொழுகையிலும் வரும், வீட்டுப்பாடத்திலும் வரும், படுக்கையிலும் வரும். "எவ்வளவு நேரம் விளையாடினாய்" என்று கேட்கும் பெற்றோருக்குப் பிள்ளை சொல்லும் பதில் உண்மையாகத்தான் இருக்கும். நாம் கேட்க வேண்டிய கேள்விதான் வேறு: எத்தனை தடவை போனை எடுத்துப் பார்த்தாய்? வாப்பா வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் பணம் வரும் வங்கி அட்டை அதே போனில் பதியப்பட்டிருந்தால் ஆபத்து இன்னொரு படி கூடும். கேமுக்குள் பச்சை நிறத்தில் தெரியும் பணத்தையும் வாப்பாவின் வியர்வையையும் பிரித்தறியும் வயது பத்து அல்ல.

கொலைக்கு வருவோம். ஒவ்வொரு வழக்கும் ஒரு சடலத்தோடுதான் தொடங்குகிறது. படங்கள் கார்ட்டூன் போல வரையப்பட்டவைதான், ஆனால் கொலை செய்யப்பட்ட விதம் சில வழக்குகளில் கொடூரமானது. "சண்டை கேம் இல்லை" என்று சொல்லும் பெற்றோர் ஒரு வழக்கையாவது முதலிலிருந்து கடைசி வரை தாங்களே விளையாடிப் பார்க்க வேண்டும். முகநூல் கணக்குக்கே 13 வயது என்ற விதி இருக்கிறது. தரம் 5 பிள்ளைக்கு 10 வயது.

இன்னொன்றையும் நாம் ஒரு சமூகமாக யோசிக்க வேண்டும். இந்த கேமில் அடையாளங்கள் பொருந்தினால் குற்றவாளி. அவ்வளவுதான். இன்னாருக்கு இன்ன பழக்கம், இன்ன இரத்த வகை, இன்ன உடை. எல்லாம் பொருந்துகிறதா? கைவிலங்கு. கேமுக்குள் அது சரிதான், அங்கே பொருந்துபவர் ஒருவர் மட்டுமே. வாழ்க்கை அப்படியல்ல. 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில் உடையை, தாடியை, வீட்டிலிருந்த அரபு எழுத்தை அடையாளமாக வைத்துப் பார்க்கப்பட்டபோது அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். அந்த வேதனையை அறிந்த நாம், அடையாளம் வேறு ஆதாரம் வேறு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மற்ற எவரையும்விடக் கடமைப்பட்டவர்கள். சூரத்துல் ஹுஜுராத் தப்பெண்ணத்தைப் பற்றி எச்சரிப்பதை மத்ரஸாவில் ஓதும் பிள்ளை, அதே மாலையில் முகக்குறிப்பை வைத்து ஆளைப் பிடிக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசிக்க வைக்க ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும்.

அப்படியானால் என்ன செய்வது? பதின்மூன்று வயதுக்குக் கீழே இந்த கேம் வேண்டாம் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால் சில ஒழுங்குகளை வைக்கலாம்.

சக்தி தீர்ந்தால் விளையாட்டு முடிந்தது. அன்றைக்கு அவ்வளவுதான். கம்பனி பணத்துக்காக வைத்த வேலியை நாம் நம் பிள்ளைக்கான வேலியாக்கிக்கொள்ளலாம். போனில் அந்த கேமின் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். வங்கி அட்டையைப் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிய காட்சி வரும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள், தெரியாத சொற்களைக் கேளுங்கள். வழக்கு முடிந்ததும் "இந்தாள்தான் என்று எப்படித் தெரியும்? வேறொருவராக இருக்க முடியாதா?" என்று ஒரு கேள்வி போடுங்கள். அந்த ஒரு கேள்வி கேமில் இல்லாத பாடம்.

சிறிய பிள்ளைகளுக்குத் தேடும் சந்தோசம் வேண்டுமென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. 1987இல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் வரைந்து வெளியிட்ட 'வேர்ஸ் வாலி' புத்தகத்தில் பெருங்கூட்டத்துக்குள் சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டைக்காரரைத் தேட வேண்டும். சக்தியும் இல்லை, நேரமும் இல்லை, இரண்டு பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடலாம். போனில்தான் வேண்டுமென்றால் 2017இல் வந்த 'ஹிடன் ஃபோக்ஸ்' இருக்கிறது. கையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள், வாயால் எழுப்பிய ஒலிகள். ஒருமுறை விலை கொடுத்தால் போதும். கடிகாரமும் இல்லை, புள்ளியும் இல்லை, கொலையும் இல்லை. தேடும் கேம் காத்திருக்க வைக்காமலும் நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

காசே இல்லாமல் செய்வதென்றால், வாராந்தச் சந்தையின் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு வகுப்புச் சுவரில் ஒட்டுவோம். அதிலுள்ள இருபது பொருட்களின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்போம். வேகத்துக்குப் புள்ளி இல்லை. யாரும் காணாத ஒன்றைக் கண்டு சொல்லும் பிள்ளைக்குத்தான் புள்ளி. இந்த ஒரு விதியை மாற்றினாலே போதும், ஓடுகிற கண் நிற்கும்.

கண்ணும் நேரமும் அல்லாஹ் தந்த அமானிதங்கள். பிள்ளை தேடும்போது அந்த அமானிதம் வளர்கிறது. சக்தி ஊறட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வேறு யாருக்கோ வருமானமாகப் போகிறது. ஒரே கேமுக்குள் இரண்டும் இருக்கின்றன. எது எந்த இடத்தில் முடிகிறது என்று பெரியவர்கள் நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் வீடுகளில் என்ன ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள்? எழுதுங்கள், மற்றப் பெற்றோருக்கும் பயன்படும்.