ஓடுபாதையில் நிற்கும் சிறிய விமானம்



விபத்து என்றதும் பலரும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். பரபரப்பான விமான நிலையங்களில் சிறிய விமானங்களுக்குத் தரையும் ஆபத்துதான்.

1991 பிப்ரவரி 1 மாலை, லாஸ் ஏஞ்சல்ஸில் 12 பேருடன் ஒரு சிறிய மெட்ரோலைனர் விமானம் ஓடுபாதையில் புறப்பாட்டு அனுமதிக்காகக் காத்து நின்றது. அதை அங்கே நிறுத்திய கட்டுப்பாட்டாளரே, வேலை நெருக்கடியில் மறந்து, அதே பாதையில் போயிங் 737 இறங்க அனுமதித்தார். சிறிய விமானத்தின் விளக்குகள் பாதை விளக்குகளோடு கலந்துவிட்டன. இரண்டும் மோதி 35 பேர் மாண்டனர். தரை ரேடார் அன்று இயங்கவில்லை.

2001இல் மிலான் லினாத்தேயில், மூடுபனியில் வழி தவறிய சிறிய செஸ்னா விமானத்தின் மீது எம்டி-87 பயணிகள் விமானம் மோதி 118 பேர் பலி. அங்கும் தரை ரேடார் இல்லை!

ஆள் தவறு என்று கோப்பை மூடுவது எளிது. ஆனால் 2024 ஜனவரியில் ஹனேடா விமான நிலையத்தில் நடந்த ஓடுபாதை மோதலுக்கு முன் கட்டுப்பாட்டாளரின் திரையில் எச்சரிக்கை ஒளிர்ந்தும் கவனிக்கப்படவில்லை. எச்சரிக்கை காதிலும் விழவேண்டும். ஓடுபாதை வாசலில் விமானியின் கண்ணெதிரே சிவப்பு விளக்கும் தானாக எரியவேண்டும்.

— ஒரு வாசகர்