மோட்டார் ‘கரகர’ என்றால்…

மம்சாபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கோடையில் ஒரே கவலைதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்டும் வருகிறது, மோட்டார் ஓடவில்லை! காயில் கட்டுகிற கடையில் கொடுத்தால் நாலைந்து நாள் ஆகும். அதுவரை வயல் காத்திருக்குமா?

காயில் கருகியதற்கு எப்போதும் கரண்டு மட்டுமே காரணம் அல்ல. பல நேரம் முதலில் தேய்ந்திருப்பது பேரிங்காக இருக்கும்.

சுழலும் தண்டைத் தாங்குவது, நகராமல் நேராக நிறுத்துவது, உராய்வைக் குறைப்பது. இந்த மூன்றும்தான் பேரிங்கின் வேலை. மோட்டாருக்குள் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகமிகக் குறைவு. பேரிங் தேய்ந்து தண்டு ஆட ஆரம்பித்தால், ரோட்டர் போய் ஸ்டேட்டரில் உரசும். சூடு ஏறும், காயில் கருகும். சில நூறு ரூபாய்ச் சாமானைக் கவனிக்காததால் சில ஆயிரம் ரூபாய்ச் செலவு.

பேரிங்கில் பல வகை உண்டு.

புஷ்: இதுதான் ஆதிகாலத்து வகை. குண்டு எதுவும் இருக்காது. ஒரு குழாய்க்குள் தண்டு வழுக்கிக்கொண்டு சுற்றும். மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்துக்குள் அச்சு இருப்பதும் இதே கதைதான். அதற்குத்தான் வண்டி மை போட்டார்கள். இன்று உங்கள் மிக்ஸி ஜாரின் அடியில் இருப்பதும் புஷ்தான்.

பால் பேரிங்: இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருளும். வழுக்குவதைவிட உருள்வது சுலபம் என்பதால் உராய்வு குறைவு. சீலிங் ஃபேனிலும் மோனோபிளாக் மோட்டாரிலும் இருப்பது இதுதான்.

ரோலர் பேரிங்: குண்டு ஒரு புள்ளியில்தான் தொடும், உருளை ஒரு கோடு நெடுக தொடும். அதனால் அதிகச் சுமை தாங்கும். டிராக்டரின் முன் சக்கரத்தில் இருக்கும் டேப்பர் ரோலர், பக்கவாட்டுத் தள்ளலையும் சேர்த்துத் தாங்கும்.

த்ரஸ்ட் பேரிங்: தண்டின் நீளவாக்கில் வரும் அழுத்தத்தைத் தாங்குவது. ஆழ்துளைக் கிணற்றுச் சப்மெர்சிபிள் மோட்டாரில், தண்ணீரை மேலே ஏற்றும்போது வரும் அழுத்தமெல்லாம் அடியில் உள்ள இதன் மேல்தான் விழும். தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாரில் அந்தத் தண்ணீரேதான் இதற்கு எண்ணெய் மாதிரி. அதனால்தான் இறக்குவதற்கு முன் உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள். அதை மறந்தால் பேரிங் போச்சு.

ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு இதில் தனி உறவு. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஊருக்குச் சோறு போடுவது பஞ்சும் நூலும். ரிங் பிரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலும் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேலும் சுழலும். அதை மேலே ஒரு சிறு ரோலர் பேரிங்கும், கீழே ஒரு குழிவான பேரிங்கும் பிடித்துக்கொள்கின்றன. அதில் ஒன்று ஆட்டம் கண்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு சுவையான செய்தி. பேரிங் உலகின் பெரிய பெயரான எஸ்.கே.எஃப். பிறந்ததே ஒரு துணி ஆலைப் பிரச்னையில்தான்! ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகர ஆலை ஒன்று களிமண் நிலத்தில் இருந்தது. மண் அசைய, தண்டுகள் கோணலாகி, பேரிங்குகள் அடிக்கடி கெட்டன. அங்கே வேலை பார்த்த ஸ்வென் விங்க்விஸ்ட், தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும் பால் பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். கம்பெனியும் அதே ஆண்டு தொடங்கியது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

• மெயினை நிறுத்திவிட்டுத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ‘கரகர’ என்றாலோ, மேலும் கீழும் ஆட்டினால் அசைந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

• பழைய பேரிங்கில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6204 என்றால், கடைசி இரண்டு இலக்கமான 04-ஐ 5-ஆல் பெருக்குங்கள். 20 மில்லிமீட்டர். அதுதான் உள்துளையின் அளவு. 6205-க்கு 25. (04-க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது. 6203-க்கு 17.)

• கிரீஸ் நிறைய வைத்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். அமுக்கி நிரப்பினால் சூடாகும். இருபுறமும் மூடி போட்ட பேரிங்குக்குக் கிரீஸே வைக்க வேண்டாம்.

• தண்டில் ஏற்றும்போது சுத்தியலால் வெளி வளையத்தில் அடிக்க விடாதீர்கள். குண்டுகள் பதிந்து பள்ளம் விழும். உள் வளையத்துக்குப் பொருத்தமான பைப்பை வைத்துத் தட்ட வேண்டும்.

• பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினாலும் அந்தச் சுமை பேரிங்குக்குத்தான் போகும்.

• பிரபல பெயரில் போலிச் சரக்கும் உலவுகிறது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பில்லோடு வாங்குங்கள்.

“ஓடுற வரைக்கும் ஓடட்டும் அண்ணாச்சி” என்று விட்டுவிடுவதுதான் நம் வழக்கம். மோட்டார் ஒரே நாளில் கெடுவதில்லை. பல நாள் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறது. சத்தம் கேட்ட அன்றே மெக்கானிக்கைக் கூப்பிட்டால், தண்ணீர் பாய்வது அரை நாள்தான் நிற்கும்.