ப்ரோட்டோடைப் காட்சிப் பொருள் இல்ல, ஒரு கேள்வி!

நம்ம காலேஜ்கள்ல ப்ராஜெக்ட் எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். டீம்ல நாலு பேர். ஒருத்தர் கோடிங், ஒருத்தர் ஹார்டுவேர், ஒருத்தர் ரிப்போர்ட், இன்னொருத்தர் பிபிடி. மூணு மாசம் அவங்கவங்க வேலையை அவங்கவங்க ரூம்ல பார்ப்பாங்க. ரிவியூவுக்கு முந்தின ராத்திரி எல்லாத்தையும் ஒண்ணா மாட்டி பவர் கொடுத்தா, எல்.இ.டி மட்டும் எரியும். மறுநாள் காலையில பேனல் முன்னாடி அந்த உலகப் புகழ் பெற்ற வசனம்: "நேத்து ஒர்க் ஆச்சு சார்!"

திறமை இல்லாததால இப்படி ஆகுறதில்ல. ப்ரோட்டோடைப்னா ரிவியூல காட்டுற காட்சிப் பொருள்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். உண்மையில அது ஒரு கேள்வி. "இது நடக்குமா?"ன்னு தெரிஞ்சுக்க, சீக்கிரமா, கம்மி செலவுல செய்யற பொருள். "நடக்காது"ன்னு பதில் வந்தாலும் அந்த ப்ரோட்டோடைப் தன் வேலையைச் செஞ்சு முடிச்சிடுச்சு.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. மனித சக்தியால மட்டும் பறக்கிற விமானத்துக்கு 1959-ல் ஹென்றி க்ரெமர் ஒரு பரிசு அறிவிச்சார். அரை மைல் இடைவெளியில இருக்கிற ரெண்டு குறிகளைச் சுத்தி, எட்டு வடிவத்துல பறக்கணும். 18 வருஷம் யாராலும் முடியல. பரிசுத் தொகை 50,000 பவுண்டு வரைக்கும் ஏறுச்சு. பல குழுக்கள் பார்த்துப் பார்த்து அழகான விமானங்களைக் கட்டினாங்க. ஒரு தடவை கீழே விழுந்தா, ரிப்பேர் பண்ணவே மாசக்கணக்கு ஆகும்.

அமெரிக்காவுல பால் மெக்ரெடியோட குழு வேற வழியில போச்சு. அலுமினியக் குழாய், பியானோ கம்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாள். இறக்கை அகலம் 96 அடி, பார்க்க ஏதோ பந்தல் மாதிரி இருக்கும். ஆனா உடைஞ்சா சீக்கிரமே ஒட்டிக் கட்டி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். 1977 ஆகஸ்ட் 23 அன்னைக்கு, கலிஃபோர்னியாவுல பிரையன் ஆலன் பெடல் மிதிக்க, அந்த 'கோஸமர் காண்டர்' பரிசை ஜெயிச்சது. அடுத்தவங்க ஒரு தடவை முயற்சி பண்ற நேரத்துல இவங்களால பல தடவை முயற்சி பண்ண முடிஞ்சது. வித்தியாசம் அங்கதான்.

சரி, நம்ம லேபுக்கு வருவோம். எல்லா காலேஜ்லயும் வருஷா வருஷம் வர்ற ஒரு ப்ராஜெக்ட்டையே எடுத்துக்குவோம்: பார்வையற்றவர்களுக்கான ஸ்மார்ட் ஸ்டிக்.

1. எது சந்தேகமோ அதுல ஆரம்பிங்க

பெரும்பாலும் முதல்ல ரெடியாகிறது ஆப்போட லாகின் பேஜ். அது வரும்னு எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் அதைச் செய்யறோம். உண்மையான சந்தேகம் சென்சார்ல இருக்கு. அல்ட்ராசோனிக் அலை சாய்வான பரப்புல பட்டா வேற பக்கம் சிதறிடும், துணி மாதிரி மெத்துன்னு இருக்கிற பொருள்ல பட்டா பாதி அடங்கிடும். ஒரு போர்டு, ஒரு சென்சார், ஒரு பஸ்ஸர். மாப் குச்சியில டேப் போட்டு ஒட்டி ஹாஸ்டல் வராண்டாவுல நடந்து பாருங்க. ஒரே சாயங்காலத்துல பதில் கிடைச்சிடும்.

2. போர்டு வாங்கறதுக்கு முன்னாடி ஆளைப் பாருங்க

பாம் பைலட் வர்றதுக்கு முன்னாடி ஜெஃப் ஹாக்கின்ஸ் ஒரு மரக்கட்டையைத்தான் சட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுச் சுத்தினார். இந்த சைஸ்ல ஒண்ணு இருந்தா எப்போ எடுப்போம், எதுக்கு எடுப்போம்னு பார்க்கத்தான். அதுல ஒரு சர்க்யூட்டும் கிடையாது.

நீங்களும் வெள்ளைக் கோல் பயன்படுத்துற ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் பேசிப் பாருங்க. தரையில இருக்கிற தடையைச் சாதாரணக் கோலே காட்டிடும். தலை உயரத்துல நீட்டிக்கிட்டு இருக்கிற கிளை, போர்டு, ஜன்னல் கதவு இதெல்லாம்தான் அதுக்குச் சிக்காது. அப்போ சென்சாரைக் கீழ் நோக்கி வைக்கிற டிசைன் மொத்தமும் மாறணும் இல்லையா? இது மூணாவது ரிவியூல தெரிஞ்சா என்ன பிரயோஜனம்?

3. முதல் வாரமே இணைச்சுப் பாருங்க

பிரச்சினை பெரும்பாலும் ஒருத்தர் வேலை முடிஞ்சு இன்னொருத்தர் வேலை தொடங்குற இடத்துல இருக்கும். ஒருத்தர் தூரத்தை சென்டிமீட்டர்ல அனுப்புவார், இன்னொருத்தர் மில்லிமீட்டர்னு நினைச்சு எழுதியிருப்பார். அந்த 5 வோல்ட் சென்சாரோட எக்கோ பின்னை 3.3 வோல்ட் இஎஸ்பி32-ல நேரா மாட்டுவாங்க. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம்னு ரெண்டு ரெசிஸ்டர் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். கிரவுண்டைப் பொதுவா இணைக்க மறந்துட்டு, கோடுல பிழை தேடி ராத்திரி முழுக்க உட்காருவாங்க.

எந்த பின், எத்தனை வோல்ட், எந்த அலகு, டேட்டா எந்த வடிவத்துல வரும்னு ஒரே ஒரு தாள்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. சென்சார் இன்னும் வரலையா? பொய்யான எண்ணை அனுப்பியாவது முழுப் பாதையையும் ஓட்டிப் பார்த்துடுங்க.

4. ஒரு நேரத்துல ஒரு மாற்றம்

பேட்டரியையும் கோடையும் ஒரே நேரத்துல மாத்திட்டு "இப்போ ஒர்க் ஆகுது"ன்னு சொன்னா, எதனால ஆச்சுன்னு யாருக்கும் தெரியாது. அது நாளைக்கே நின்னாலும் தெரியாது. கிட் பயன்படுத்துங்க. 'ஃபைனல்_ஃபைனல்_2' ங்கிற ஃபோல்டர் யாரையும் காப்பாத்தினதில்ல. எதை மாத்தினோம், என்ன ஆச்சுன்னு ஒரு நோட்டுல ரெண்டு வரி போதும்.

5. எல்லார் கையும் படணும்

எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். டீம்ல ஒரு பொண்ணு இருந்தா ரிப்போர்ட் அவங்களுக்குன்னு யாரையும் கேட்காமலே எழுதிடுறோம். நல்லா கோடு எழுதறவன் தலையில மொத்தத்தையும் கட்டிடுறோம். அவனுக்குக் காய்ச்சல் வந்தா ப்ராஜெக்ட்டுக்கும் காய்ச்சல். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு பகுதியைச் செய்யாதவர் அதைத் தனியா கழட்டி மாட்டி ஓட்டிக் காட்டணும்னு ஒரு விதி வெச்சுக்குங்க. தடுமாறினா பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கொடுங்க.

"இதெல்லாம் சரி, மார்க் அவுட்புட்டுக்குத்தானே?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். உடைஞ்ச அஞ்சு வெர்ஷனுக்கு யாரும் மார்க் போடறதில்ல. காசு கொடுத்தா ரெடிமேட் ப்ராஜெக்ட்டே பைண்டிங்கோட கிடைக்குது. ஆனா "ஏன் இந்த சென்சார்? வேற என்ன முயற்சி பண்ணீங்க?"ன்னு பேனல்ல ஒருத்தர் கேட்டா, அந்த உடைஞ்ச அஞ்சு வெர்ஷன்தான் உங்க பதில். இன்டர்வியூலயும் அதேதான். அதோட, நாலு வருஷம் படிச்சு ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்பாம மூணு பேர் வெளிய போறாங்கன்னா, ஏமாந்தது பேனல் இல்ல, அந்த மூணு பேர்தான்.

ரிவியூக்களுக்கு இடையில எத்தனை தடவை உடைச்சீங்க, எதைக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டு அதுக்கும் மார்க் போடணும். இது நம்ம டிபார்ட்மென்ட்கள்கிட்ட நான் வைக்கிற கோரிக்கை. அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கு சாயங்காலம் டீமைக் கூட்டி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம ப்ராஜெக்ட்ல எது வேலை செய்யாதுன்னு பயப்படறோம்?" நாலு பேரும் சொல்ற பதிலை எழுதி, முதல்ல இருக்கிறதை இந்த வாரமே உடைச்சுப் பாருங்க.